பனிப்புயல் வருவது முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் ஏன் ஆட்கள் சாகிறார்கள்?

வட அமெரிக்காவில் பனிப்புயல் வருகிறது என்று எச்சரிக்கை விட்டாலே எம்மவர்களின் போன்களில் பனி மூடிய வீதிகளின் படங்கள் குவியத் தொடங்கிவிடும். கூடவே ஒரு பேச்சும் வரும்: "அது பணக்கார நாடு, வீட்டுக்கு வீடு ஹீட்டர் இருக்கு, அவங்களுக்கு என்ன?" அங்கே பிள்ளைகள் இருக்கும் உம்மா, வாப்பாமாருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி கவலையாக இருக்கும்.

அந்தப் பேச்சு பிழை. 2021 பெப்ரவரியில் டெக்ஸாஸில் நடந்ததைப் பார்த்தாலே அது விளங்கும்.

டெக்ஸாஸ் எண்ணெயும் எரிவாயுவும் நிறைந்த மாநிலம். புயல் வரும் என்று பல நாட்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. மாநிலத்தின் 254 கவுண்டிகளுக்கும் ஆளுநர் முன்கூட்டியே அனர்த்த நிலையைப் பிரகடனப்படுத்தினார். ஆக, எச்சரிக்கையில் குறையில்லை.

பிறகு குளிர் வந்தது. டலஸ் நகரில் மறை 19 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன, மின் நிலையங்கள் ஒவ்வொன்றாக நின்றன. டெக்ஸாஸின் மின் வலையமைப்பு பெரும்பாலும் தனித்தே இயங்குவதால் அயல் மாநிலங்களிலிருந்து தேவையான அளவு மின்சாரத்தை எடுக்கவும் முடியவில்லை. 45 இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளிலும் வியாபார நிலையங்களிலும் கரண்ட் இல்லை. முழு வலையமைப்பும் விழுந்துவிட இன்னும் 4 நிமிடம் 37 செக்கன்தான் மிச்சம் இருந்தது என்று அதிகாரிகளே பின்னர் சொன்னார்கள்.

மாநில சுகாதாரத் திணைக்களத்தின் கணக்குப்படி 246 பேர் உயிரிழந்தார்கள். பனி வழுக்கிய வீதிகளில் வாகன விபத்தில் இறந்தவர்கள் 22 பேர். குளிர் தாக்கியே இறந்தவர்கள் 161 பேர், அவர்களில் பலர் சொந்த வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். இன்னும் 19 பேரைக் கொன்றது காபன் மொனொக்சைட். குளிர் தாங்காமல் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களும், மூடிய கராஜுக்குள் காரை ஸ்டார்ட் பண்ணிச் சூடு தேடியவர்களும் இருந்தார்கள். நிறமும் மணமும் இல்லாத வாயு அது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

இதே குளிர் மினசோட்டா மாநிலத்தில் வந்திருந்தால் பிள்ளைகள் வழமைபோல பாடசாலைக்குப் போயிருப்பார்கள். அங்கே வீடும் குழாயும் மின் நிலையமும் குளிருக்கென்றே கட்டப்பட்டவை. டெக்ஸாஸில் ஆயத்தம் இருக்கவில்லை. அதைவிடக் கவலையான விஷயம், 2011 பெப்ரவரியிலும் அங்கே இதே மாதிரிக் குளிரும் மின்வெட்டும் வந்தன. மின் நிலையங்களையும் எரிவாயுக் கிணறுகளையும் குளிர் தாங்கும்படி தயார்படுத்துங்கள் என்று அந்த வருடமே மத்திய அதிகாரிகளின் விசாரணை அறிக்கை சொன்னது. அது கட்டாயமாக்கப்படவில்லை. சட்டம் வந்தது பத்து வருடம் கழித்து, ஜனாஸாக்களுக்குப் பிறகு.

இது எமக்குத் தூரத்துக் கதையல்ல. 2022 டிசம்பரில் மாண்டஸ் சூறாவளி நேரம் எமது வடக்கு, கிழக்கில் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் செத்து விழுந்தன. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கிட்டவும் போகவில்லை. நனைந்த உடம்பு, குளிர் காற்று, ஒதுங்க ஒரு கொட்டில் இல்லை. அவ்வளவுதான். எத்தனை பாகை என்பதைவிட, பழக்கமும் பாதுகாப்பும் உண்டா என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

எமது கருத்து இதுதான். எச்சரிக்கை வந்த பிறகு செய்யக்கூடியது கொஞ்சம். அதற்கு முந்திய நல்ல நாட்களில் செய்வதுதான் உயிரைக் காக்கும். ஊரிலே வெள்ளம் வடிந்தவுடன் வடிகான் பற்றிக் கூட்டம் கூடும், வெயில் வந்ததும் பேச்சு அடங்கிவிடும். டெக்ஸாஸின் பத்து வருடமும் அப்படித்தான் போனது.

வெளிநாட்டில் உறவுகள் இருந்தால், அடுத்த அழைப்பில் பனிப் படம் அனுப்பச் சொல்லாதீர்கள். காபன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்கிறதா, ஹீட்டர் நின்றால் யார் வீட்டுக்குப் போவாய் என்று கேளுங்கள். புதிதாகப் போன மாணவர்களிடம் கட்டாயம் கேளுங்கள். இங்கேயும், கரண்ட் போனால் ஜெனரேட்டரை வீட்டுக்குள் போடக் கூடாது. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனால் பூட்டிய அறைக்குள் கரி நெருப்பு வைக்கக் கூடாது. இதை எமது பிள்ளைகளுக்கு விஞ்ஞான பாடத்தில் ஒரு சமன்பாடாக மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது.

ஒவ்வொரு மஹல்லாவிலும் தனியே வசிக்கும் வயோதிபர்கள், படுக்கையில் இருக்கும் நோயாளிகள் யார் யார், அவசர நேரத்தில் அவர்களிடம் போவது யார் என்று ஒரு பட்டியல் இப்போதே இருக்க வேண்டும். பள்ளிவாசலும் பாடசாலையும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. காசும் பெரிதாகத் தேவையில்லை.

இந்தப் பதிவைப் பகிர்வது நல்லது. அதற்கு முன் உங்கள் ஒழுங்கையில் தனியே இருப்பவர் யார் என்று ஒருவரையாவது தேடித் தெரிந்துகொள்ளுங்கள்.