தேநீர் கறுத்தால் தண்ணீரைக் கேளுங்கள்!

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பது நம் பெரியவர்களின் வாக்கு. பழிக்க வேண்டாம். ஆனால், குடிக்கும் தண்ணீரைப் பற்றி விசாரிக்காமல் இருக்கலாமா? கூடாது என்பதே நம் கருத்து.

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் வந்து பார்த்துச் சென்ற மலை, அவர் பெயராலேயே கேமரன் மலை ஆயிற்று. 1929-இல் ஜே. ஏ. ரசல் அங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கினார். காட்டை அழித்து, சரிவிலே படி வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்து அந்த மலையைப் பச்சைக் கம்பளமாக ஆக்கியதிலே நம் பாட்டன் பாட்டிகளின் வியர்வை உண்டு. இன்று ஹாபுவிலும் சுங்கை பாலாசிலும் சுற்றுலாப் பயணிகள் வரிசையிலே நின்று தேநீர் வாங்கிக் குடிக்கிறார்கள். அந்தத் தேநீர் பொன்னிறமாக இருக்கிறது. ஆனால் அதே தேயிலையைக் கிணற்றுத் தண்ணீரில் கொதிக்க வைத்துக் குடிக்கும் சில வீடுகளில் அது கறுத்துப்போய் மை போல இருக்கிறதே, ஏன்?

"தண்ணி எடுக்கும்போது கண்ணாடி மாதிரிதான் இருக்கு. ராத்திரி மூடி வச்சுட்டுக் காலையிலே பார்த்தா அடியிலே செம்மண்ணு மாதிரி படிஞ்சு கிடக்கு" என்று தாய்மார்கள் சொல்வதைத் தோட்டப்புறங்களில் எங்கும் கேட்கலாம். சோறு மஞ்சள் பூக்கிறது. பிள்ளையின் வெள்ளைப் பள்ளிச் சட்டை நாலு துவைப்பில் பழுப்பாகிறது. வாயில் வைத்தால் துரு ருசி. சில கிணறுகளில் அழுகிய முட்டை நாற்றம் வேறு. அந்த நாற்றம் போக மற்றவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே காரணம்தான். தண்ணீரிலே இரும்பு கரைந்திருக்கிறது.

மலைத் தோட்டங்களில் எல்லா வீட்டுக்கும் இந்தத் தொல்லை உண்டென்று நாம் சொல்லவில்லை. பொதுக் குழாய் நீரோ ஓடை நீரோ கிடைக்கும் லயங்கள் உண்டு. ஆனால் மழை கொட்டி ஓடை கலங்கினால் ஊற்றுக் குழியைத் தேடிப் போகிறோம். வேலை ஓய்ந்து, தனி வீடு கட்டிக் குடியேறியவர்கள் கிணறு தோண்டிக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்கு.

தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும் என்பது நமக்குத் தெரிந்த சங்கதி. புளிப்பான தண்ணீர் மண்ணிலும் பாறையிலும் உள்ள இரும்பைக் கரைத்துக்கொள்ளும். காற்றுப் படாத ஆழத்திலே அந்த இரும்பு கண்ணுக்குத் தெரியாது. மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறிச் செந்தூளாகப் படியும். வாளியிலே ராத்திரியில் நடக்கும் மாயம் இதுதான்.

இதைக் கண்டுபிடிக்கத் தேயிலைக்காரர்களுக்குத் தேயிலையே போதும். இரண்டு கண்ணாடிக் கிளாஸ் எடுங்கள். ஒன்றில் சுத்தமான மழைத்தண்ணீர், மற்றதில் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு கெட்டியான தேயிலைச் சாயத்தை ஊற்றிச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் மட்டும் கருநீலமாகக் கறுத்தால் அதிலே இரும்பு இருக்கக்கூடும். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைப் போட்டு எழுதும் மை காய்ச்சினார்களே நம் முன்னோர், அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. அன்னபேதியிலே இருப்பது இரும்பு. கடுக்காயிலும் தேயிலையிலும் இருப்பது துவர்ப்பு. இரண்டும் சேர்ந்தால் மை. ஆனால் இந்தச் சோதனை இரும்பு இருக்கலாம் என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்ல ஆய்வுக்கூடம்தான் வேண்டும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். காலையில் பைப்பைத் திறந்ததும் முதல் வாளி சிவப்பாக வந்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டால் தெளிகிறதா? அப்படியானால் குற்றவாளி கிணறு அல்ல, துருப்பிடித்த பழைய இரும்புக் குழாயும் தொட்டியும்தான். அங்கே வடிகட்டி வைப்பது வீண் செலவு. குழாயை மாற்ற வேண்டும். தெளிவாக வந்து, நின்ற பிறகு சிவந்தால்தான் கிணற்று இரும்பு.

"இரும்புச் சத்துதானே, உடம்புக்கு நல்லதுதானே?" என்று கேட்பவர்களும் உண்டு. இது தவறான நம்பிக்கை. சோகை பிடித்த பெண்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் மருந்தாகாது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரும் உணவிலுள்ள இரும்பு உடலில் சேருவதைக் குறைக்கும். சோகை இருந்தால் கிளினிக்கில் இரத்தம் சோதித்துப் பார்ப்பதே வழி. அதே சமயம், இரும்பைக் கண்டு பயந்து நடுங்கவும் வேண்டாம். நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இரும்புக்கு மேல் இருக்கலாகாது. ருசியும் கறையும் அதற்கு மேல்தான் தெரிய ஆரம்பிக்கும். கவலைப்பட வேண்டியது இரும்போடு அடிக்கடி கூட்டாக வரும் மாங்கனீசைப் பற்றி. அது கறுப்புக் கறையாகப் படியும். நம் தரத்தில் அதன் வரம்பு 0.1 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனமோ குழந்தைகளின் நலனை எண்ணி அண்மையில் 0.08 என்று இன்னும் இறுக்கியிருக்கிறது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தை உள்ள வீட்டில் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

இது நம் மலைக்கு மட்டும் வந்த தொல்லையல்ல. கம்போங் ராஜாவிலிருந்து லோஜிங் வழியாக இறங்கினால் கிளந்தான் மாநிலம். அங்கே கோத்தாபாரு வட்டாரத்து மக்கள் நிலத்தடி நீரை நம்பி வாழ்கிறார்கள். அந்த நீரிலே இரும்பும் மாங்கனீசும் அதிகம். துணி மஞ்சளாகிறதென்ற குறை அங்கே ஆண்டுக்கணக்காக உண்டு. அங்குள்ள நீர் நிலையங்கள் என்ன செய்கின்றன? தண்ணீரைக் காற்றோடு கலக்கவிட்டு, இரும்பைத் துருவாக்கிப் படியவைத்து, மணலிலே வடிகட்டுகின்றன. வியட்நாமிலும் நம் அசாமிலும் சாதாரண வீட்டார் மணல் தொட்டி வைத்து இதே முறையைச் சின்ன அளவில் செய்கிறார்கள். அவர்கள் செய்வதை நாம் ஏன் செய்ய முடியாது?

செய்முறை மூன்றே வார்த்தைதான்: ஊற்று, உறங்கவை, வடிகட்டு.

முதலில் ஊற்றுவது. ஆணியால் நெருக்கமாகத் துளையிட்ட இரண்டு தட்டுகளை ஒரு சாண் இடைவெளியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, தண்ணீரை மழைபோலச் சொட்டவிடுங்கள். எவ்வளவுக்கெவ்வளவு காற்றுப் படுகிறதோ அவ்வளவுக்கு இரும்பு துருவாகும். முட்டை நாற்றமும் பறந்துபோகும். நம் மலைத் தண்ணீர் புளிப்பாக இருந்தால் இரும்பு சீக்கிரம் துருவாகாது. அதற்குத் தட்டிலே சுண்ணாம்புக்கல் சில்லுகளைப் பரப்பலாம். மலைக்குக் கீழே ஈப்போவைச் சுற்றி இருப்பதெல்லாம் சுண்ணாம்புக் குன்றுகள்தானே! வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை மட்டும் போட்டுவிடாதீர்கள். அது வேறு, ஆபத்தும்கூட.

அடுத்தது உறங்கவைப்பது. சொட்டிய தண்ணீரை மூடியுள்ள ஒரு டிரம்மில் இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். துருவிலே பெரும்பகுதி அடியில் தங்கிவிடும். டிரம்மின் அடியிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் குழாய் வைத்துத் தெளிவை எடுக்க வேண்டும்.

கடைசியாக வடிகட்டுவது. இன்னொரு 200 லிட்டர் டிரம்மில் அடியிலே கழுவிய சரளைக்கல் அரை அடி, அதன்மேல் கழுவிய ஆற்று மணல் இரண்டடி. கடல் மணல் ஆகாது. வெளிக்குழாயை அடியிலிருந்து எடுத்து, மணல் மட்டத்துக்குச் சற்று மேலே வளைத்துவிட்டால் மணல் காயாமல் இருக்கும். அவசரப்படக்கூடாது, மணிக்கு 25, 30 லிட்டருக்கு மேல் இறங்கவிட வேண்டாம். தண்ணீர் மெதுவாக இறங்க ஆரம்பித்தால் மேல்மணலை அரை அங்குலம் சுரண்டிக் கழுவிப் போடுங்கள்.

டிரம் விஷயத்தில் கடுமையாக ஒன்று சொல்கிறோம். பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் இருந்த டிரம் சும்மா கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அது தண்ணீர் பிடிக்க ஆகாது. பாராகுவாட் களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டது. சட்டம் தடுத்துவிட்டது என்பதற்காக மூலையிலே கிடக்கும் பழைய டிரம் சுத்தமாகிவிடாது.

நாற்றத்துக்கு வருவோம். நாற்றம் எல்லாம் ஒன்றல்ல. முட்டை நாற்றம் காற்றுப் பட்டால் போகும். மிச்சமிருந்தால் கரி வடிகட்டி இழுத்துக்கொள்ளும். குழாய்க்குள்ளே ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று படிந்து, பூஞ்சை நாற்றம் அடித்தால் அது இரும்பைத் தின்று வளரும் கிருமி. கிணற்றைக் கழுவிக் குளோரின் போட வேண்டும். அளவைச் சுகாதார அதிகாரியிடம் கேட்டுப் போடுங்கள். சாக்கடை நாற்றம் வந்தால் கக்கூசு கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கிணறு அதற்கு மேல்பக்கமாக, குறைந்தது 50 அடி, முடிந்தால் 100 அடி தள்ளி இருக்க வேண்டும். மருந்து நாற்றமோ மண்ணெண்ணெய் நாற்றமோ வந்தால் ஒரு வடிகட்டியையும் நம்பாதீர்கள், கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள். மேலே காய்கறித் தோட்டங்கள் உள்ள சரிவுகளில் இதிலே தனிக் கவனம் வேண்டும். அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டு உடனே சுகாதார இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்து தண்ணீர் பளிங்கு போல வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குடிக்கலாமா? கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்! தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல. ஊரிலே நம் பாட்டிமார் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசிக் கலங்கல் நீரைத் தெளியவைத்தார்கள். கலங்கல் போயிற்று, கிருமி எல்லாம் போய்விடவில்லை. மணல் வடிகட்டியும் அப்படித்தான். வாந்திபேதியைத் தரும் கிருமிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே முதலில் வடிகட்டு, பிறகு நன்றாகக் கொதிக்கவிடு, மூடி வை.

கடையில் விற்கும் வடிகட்டிகள் எப்படி என்று கேட்பீர்கள். நல்லவையும் உண்டு. ஆனால் லயத்து வாசலுக்கு வந்து, தவணை முறையில் தருகிறேன் என்று இனிக்கப் பேசும் விற்பனைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் கிணற்று நீரைச் சோதித்தீர்களா? இது எவ்வளவு இரும்பு வரை தாங்கும்? உள்ளே இருக்கும் வடிகட்டியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எத்தனை வெள்ளிக்கு மாற்ற வேண்டும்? பதில் சொல்லத் திணறினால் கையெழுத்துப் போடாதீர்கள். இரும்புத் தண்ணீரை நேராக மெழுகுவர்த்தி போன்ற பீங்கான் வடிகட்டியிலே விட்டால் அது சில நாளிலேயே அடைத்துக்கொள்ளும். மணல் டிரம்மைத் தாண்டி வந்த தண்ணீரை அதிலே விட்டால் நீண்ட நாள் உழைக்கும்.

இதுவரை சொன்னது நம் கையால் ஆகக்கூடியது. ஆனால் தோட்ட வீட்டில் குடியிருக்கும் தொழிலாளி மணலும் சரளையும் சுமந்து இந்தப் பாட்டைப் படத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு வசதித் தரச் சட்டம், முதலாளி கொடுக்கும் வீட்டுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது அவர் கடமை என்கிறது. 2019-இல் திருத்தப்பட்டு 2020 முதல் அந்தச் சட்டம் மற்றத் தொழில்களின் தொழிலாளர் தங்குமிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. ஆகவே, "நீங்களே ஒரு வடிகட்டி வச்சுக்கோங்க" என்று சொல்லி எந்த நிர்வாகமும் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. வடிகட்டி நாம் நம் பிள்ளைகளுக்காகச் செய்துகொள்ளும் தற்காப்பு. அது நிர்வாகத்தின் கடமைக்கு ஈடாகாது.

எனவே செய்ய வேண்டியது இது. எந்த வீட்டில், எந்தத் தேதியில், தண்ணீர் எப்படி வந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நாலு வீட்டார் சேர்ந்து நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். 1954-இல் பிறந்த தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கத்தின் கிளை இருந்தால் செயலாளரிடம் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. தண்ணீரைச் சோதிக்கக் கேட்கச் சுகாதார இலாகா இருக்கிறது. ஒரு வீட்டுக் குறை முணுமுணுப்பாகப் போய்விடும். பத்து வீட்டுக் கையெழுத்து மேசைமேல் போய் உட்காரும்.

இன்று மலையிலே நம்மோடு வங்காள தேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் கொழுந்து பறிக்கிறார்கள். சட்டமும் தெரியாமல், கேட்கவும் பயந்து, வந்த தண்ணீரைக் குடிப்பவர்கள் அவர்களில் அதிகம். மனு எழுதும்போது அவர்கள் லயத்தையும் சேர்த்து எழுதுங்கள். கிணறு ஒன்றுதான், அதில் குடிப்பவர் எவராயினும் நோய் ஒன்றுதான்.

வேலை ஓய்ந்து சொந்தக் கிணற்றை நம்பியிருக்கும் பெரியவர்களுக்கு மேலே சொன்ன சட்டம் துணைக்கு வராது. அவர்களுக்கு மணல் அள்ளவும் டிரம் நகர்த்தவும் தோட்டத்து இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க வேண்டுகிறோம். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடும் கைகளுக்கு இது பெரிய வேலையல்ல.