பல்லாவரத்துக் கல்லும் படைத்தவன் வழக்கும்

பேரண்டத்துக்குத் தொடக்கம் உண்டு என்று அறிவியல் சொல்லிவிட்டது, ஆகவே கடவுள் உண்டு என்கின்றனர் ஒரு சாரார். பேரண்டம் விரிந்த விதத்தை அறிவியல் விளக்கிவிட்டது, ஆகவே கடவுள் இல்லை என்கின்றனர் மற்றொரு சாரார். தமிழில் நடக்கும் கடவுள் விவாதம் பெரும்பாலும் இவ்விரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டிலும் பிழை 'ஆகவே' என்ற சொல்லில்தான் இருக்கிறது என்பது நம் வாதம். இரண்டில் முதற்பிழையே பெரிது என்றும் நாம் கருதுகிறோம். காரணம், அது பக்தியின் பெயரால் பக்திக்கே கேடு செய்கிறது.

இவ்வழக்கை விசாரிக்கத் தென்சென்னைப் புறநகரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. பரங்கிமலையிலிருந்து தாம்பரம் வரையிலான இருப்புப்பாதையை எண்ணிப் பாருங்கள். மலையுச்சியில் போர்த்துக்கீசியர் எழுப்பிய தேவாலயமும், அதனுள் பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவையும். திரிசூலத்தில் குன்றுகளுக்கு நடுவே சோழர் காலச் சிவன் கோயில். பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குன்றைக் குடைந்து அமைத்த குடைவரை. அது இன்று இசுலாமியரின் வழிபாட்டிடம். அதே பல்லாவரத்தில்தான் மறைமலையடிகள் 1911 முதல் 1950இல் மறையும் வரை வாழ்ந்தார். அவர் தமிழாசிரியராகப் பணியாற்றி 1911இல் விட்டு நீங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரியோ, 1937இல் தானே தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது. 'யார் படைத்தார்' என்ற கேள்விக்குத் தமிழ் மண் தந்த விடைகளில் பல, சில ரயில் நிலையங்களின் இடைவெளிக்குள் அமைந்துவிட்டன.

இக்கட்டடங்களில் பல நிற்கும் குன்றுகளுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்பட்ட ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல், சென்னைப் பகுதியிலிருந்து கொண்டுபோனது. அந்தக் கல்வகையைப் பரங்கிமலை, பல்லாவரக் குன்றுகளில் ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893இல் அதற்குச் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். உலகெங்கும் புவியியல் மாணவர்கள் படிக்கும் அப்பெயரின் பிறப்பிடம் நம் புறநகர் ரயில் தடம்தான். அப்பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அதன்மேல் நிற்கும் தேவாலயத்துக்கு ஐந்து நூற்றாண்டு, குடைவரைக்குப் பதினான்கு நூற்றாண்டு. தெய்வங்களின் பெயர் மாறிக்கொண்டிருக்கக் கல் மட்டும் அப்படியே கிடக்கிறது.

அக்கல் ஒருமுறை வாய்திறந்தும் இருக்கிறது. 1863 மே 30ஆம் நாள், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துச் செம்புரைக்கல் சரளையில் மனிதக் கையால் செதுக்கிய ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்தக் கணத்தில் தொடங்குகிறது. அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் அவருக்கு அத்தகைய கருவிகள் கிடைத்தன. அங்குச் சாந்தி பப்பு குழுவினர் நடத்திய அகழாய்வு, அத்திரம்பாக்கக் கருவிகளின் தொன்மை சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011இல் நிறுவியது.

ஃபூட்டின் மாமனார் யார் தெரியுமா? பீற்றர் பேர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பேர்சிவல். அந்த நாவலர்தான் 1854இல் 'சைவதூஷணபரிகாரம்' எழுதி, சைவத்தைப் பழித்த பாதிரிமாருக்கு அவர்களுடைய வேதத்தைக் கொண்டே விடையிறுத்தார். நம் யுகக் கணக்குகளைப் பாதிரிமார் கட்டுக்கதை என்று நகைத்த காலம் அது. அவர்கள் கையிலிருந்த ஆங்கில விவிலியப் பதிப்புகளின் ஓரத்திலோ, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்ற அஷர் பேராயரின் கணக்கு அச்சாகியிருந்தது. பாதிரியாரின் மருமகன் பல்லாவரத்தில் குனிந்தெடுத்த ஒரு கல், அந்த ஓரக்குறிப்பைக் குப்பையில் தள்ளும் சான்றுகளுள் ஒன்றாயிற்று.

'பார்த்தீர்களா, பாதிரியின் கணக்குப் பொய்த்தது. நம் கணக்கு மெய்த்தது' என்று உடனே குதூகலிப்போர் உண்டு. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி ஆண்டு, முன்னோர் அன்றே சொன்னார்கள் என்பது இவர்கள் மேடைதோறும் பாடும் பல்லவி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. பிரம்மாவின் பகலைப் பூமியின் வயதோடு ஒப்பிட வேண்டும் என்று எந்தப் புராணம் சொன்னது? அதே கணக்கின்படி பிரம்மாவின் ஆயுள் 311 இலட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் போகிறதே, அதற்கு எந்த வானியல் நூலில் இணை தேடுவது? பொருந்தும் எண்ணை எடுத்துக்காட்டிப் பொருந்தாததை மடியில் மறைப்பது புராணத்துக்கும் மரியாதை அன்று, வானியலுக்கும் மரியாதை அன்று.

அண்டத்தின் தொடக்கத்துக்கு வருவோம். பெருவெடிப்பு என்று நாம் இன்று வழங்கும் கருத்தை 1927இலும் 1931இலும் முன்வைத்தவர் ஜார்ஜ் லெமைத்ர். பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குரு. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1951இல் இக்கோட்பாட்டைப் படைப்புக்கு ஆதரவாக எடுத்துப் பேசியபோது மகிழ்ந்திருக்க வேண்டியவர் அவரே. அவர் மகிழவில்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது, ஆத்திகரும் நாத்திகரும் அதை ஒருங்கே ஏற்கலாம் என்பதே அவர் நிலை. நாள்தோறும் பூசை வைத்த ஒரு குருவுக்கே தேவைப்படாத சான்று, நம் சொற்பொழிவாளர்களுக்கு ஏன் தேவைப்படுகிறது?

எதிர்ப்பக்கத்தையும் பார்ப்போம். அண்டத்துக்குத் தொடக்கமே இல்லை, அது என்றும் ஒரே தன்மையது என்ற மாறாநிலைக் கோட்பாட்டை 1948இல் ஃபிரெட் ஹாய்லும் வேறு இருவரும் வெளியிட்டனர். 'பெருவெடிப்பு' என்ற பெயரையே 1949இல் வானொலியில் வழங்கியவர் ஹாய்ல்தான். அவரோடு 1960களில் இணைந்து புதிய ஈர்ப்புக் கோட்பாடு கண்டவர் நம் நாட்டு ஜயந்த் நார்லீகர். 1965இல் பென்சியாசும் வில்சனும் அண்டமெங்கும் பரவிய நுண்ணலைக் கதிர்வீச்சை அறிவித்தபின் பெரும்பாலோர் பெருவெடிப்பின் பக்கம் சாய்ந்தனர். நார்லீகர் 2025இல் மறையும் வரை அதை முழுமையாக ஏற்றாரில்லை. அவர் சமயத்துக்கு வழக்காடவும் இல்லை. சோதிடத்தை வெளிப்படையாக எதிர்த்தவர் அவர். ஆக, தொடக்கம் உண்டு என்று முதலில் சொன்ன குரு அதைக் கடவுளுக்குச் சான்றாக்கவில்லை. தொடக்கம் இல்லை என்று கடைசிவரை வாதிட்ட நம்மவர் எந்த வேதத்தையும் காக்கப் புறப்படவில்லை. இருவரும் விண்மீன் கூட்டங்களைப் பற்றியே பேசினார்கள்.

ஒருவேளை 1965இல் அந்தக் கதிர்வீச்சு கிடைக்காமல் மாறாநிலைக் கோட்பாடே வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அண்டம் அநாதி என்று நம் முன்னோர் அன்றே சொன்னார்கள் என்று இதே மேடைகள் முழங்கியிருக்கும். தொடக்கம் உண்டென்றாலும் 'அன்றே சொன்னோம்', இல்லையென்றாலும் 'அன்றே சொன்னோம்' என்பவர் உண்மையில் எதையும் சொல்லவில்லை. எந்தத் தீர்ப்பு வந்தாலும் வென்ற கட்சிக்கு மாலை போடக் காத்திருப்பவரின் பேச்சு அது.

இதில் வேடிக்கை, பெருவெடிப்பைக் கொண்டாடும் சைவ அன்பர்கள் தம் சித்தாந்தத்தையே கைவிடுகிறார்கள் என்பது. மெய்கண்டார் மரபில் பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. உலகுக்கு முதற்காரணம் மாயை. இறைவன் நிமித்த காரணன்; அவன் சத்தி துணைக்காரணம். குயவன் மண்ணைப் படைப்பதில்லை, மண்ணிலிருந்து குடத்தை வனைகிறான். இல்லது தோன்றாது என்பது இம்மரபின் அடித்தளம். ஒன்றுமில்லாமையிலிருந்து உலகைத் தோற்றுவித்த கடவுள் பரங்கிமலை உச்சியில் வழிபடப்படுபவர். பல்லாவரத்து அடிகள் வாழ்நாளெல்லாம் விளக்கிய சிவம் அப்படிப்பட்டதன்று. 'அறிவியல் ஒப்புக்கொண்டுவிட்டது' என்ற உற்சாகத்தில் நம்மவர்கள், நாவலர் எதிர்த்து நின்றவர்களின் கொள்கையைத் தெரியாமலே ஏற்றுக்கொள்கிறார்கள்.

நாத்திகத் தரப்பும் இக்கூரையின் கீழ் நனைகிறது. எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும் என்றால் கடவுளுக்கும் காரணம் வேண்டும் என்பது, பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927இல் ஆற்றிய 'நான் ஏன் கிறித்தவன் அல்ல' என்ற உரையின் வாதங்களுள் ஒன்று. சுயமரியாதை இயக்கத்தார் அதைத் தமிழில் வெளியிட்டனர். முதற்காரணக் கடவுளை நோக்கி எறிந்த அக்கல், அநாதியான மூன்று பொருள்களைச் சொல்லும் சித்தாந்தத்தின்மேல் நேராக விழுவதில்லை. சித்தாந்தத்தை எதிர்க்க வேறு கேள்வி வேண்டும். குடம் வனையப்படுவதைக் கண்டிருக்கிறோம், ஆகவே குடத்தைக் கண்டால் குயவனை ஊகிக்கிறோம். அண்டம் வனையப்படுவதை எவர் கண்டார்? ஒன்றே ஒன்றாய் உள்ள பொருளுக்கு உவமை ஏது? இக்கேள்வியை எழுப்ப இலண்டனுக்குப் போக வேண்டியதில்லை. வேதத்தை ஏற்றுக்கொண்டே படைப்பவனை மறுத்த மீமாம்சகரும், தம் அறம் குன்றாமலே படைப்பவனை மறுத்த சமணரும் இந்நாட்டில் இருந்தார்கள்.

பகுத்தறிவாளர்களின் மெய்யான வலிமை வேறிடத்தில் இருந்தது. 1925இல் தொடங்கிய 'குடி அரசு' கேட்ட கேள்விகளில் கூர்மையானது அண்டம் எப்படித் தோன்றியது என்பதன்று. கடவுளின் பெயரால் ஒருவனைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தியது யார் என்பது. அக்கேள்விக்குச் சித்தாந்தமும் விடை சொல்ல வேண்டும், தேவாலயமும் விடை சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு ஸ்டீபன் ஹாக்கிங் 2010இல் எழுதிய நூலைக் காட்டி, அண்டம் தோன்றக் கடவுள் வேண்டியதில்லை என்று அவரே சொல்லிவிட்டார் என முடிப்பவர்கள், ஒரு மதகுருவின் இடத்தில் ஒரு பேராசிரியரை அமர்த்துகிறார்கள். இயற்பியல் விதிகள் இருக்கும் இடத்தை 'ஒன்றுமில்லாமை' என்று அழைக்கலாமா என்ற கேள்வி அவர்களுக்கு எழுவதில்லை.

பழந்தமிழ் வாதமரபு இத்தனை எளிதாக எவரையும் விட்டதில்லை. மணிமேகலை சமயக்கணக்கர் ஒவ்வொருவரையும் தத்தம் கொள்கையைச் சொல்ல விட்டுக் கேட்கிறாள். பூதவாதியும் அவருள் ஒருவன். சிவஞான சித்தியார் சுபக்கத்துக்கு முன் பரபக்கத்தை வைக்கிறது. உலகாயதன் வாதத்தை முதலில் சொல்லிவிட்டே மறுக்கிறது. தாம்பரத்திலும் அத்தகைய வாதம் நடந்ததுண்டு. 1938 திசம்பரில் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மறைப்பணி மன்றம் கூடியது. கிறித்தவ வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்று டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் அதற்கெனவே ஒரு நூல் எழுதியிருந்தார். செஞ்சய்யா, சக்கரை முதலிய சென்னைக் கிறித்தவர்கள் அதே ஆண்டு தம் நூலொன்றில் வேறு நிலையை எடுத்தார்கள். இருதரப்புக்கும் அண்டத்தின் வயது சாட்சியாகத் தேவைப்படவில்லை. தாம் எதை நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்பதைத் தம் பொறுப்பிலேயே பேசினார்கள்.

'அப்படியானால் நம்புகிறவன் அண்டத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாதா?' என்று கேட்கலாம். தாராளமாகத் திறக்கலாம். எதுவும் இல்லாமற்போகாமல் ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற வியப்பு எந்தத் தொலைநோக்கியாலும் தீராதது. அவ்வியப்பிலிருந்து ஒருவர் கைகூப்பலாம், மற்றொருவர் கைகட்டி நிற்கலாம். ஆனால் அதை இயற்பியலின் முடிவு என்று அச்சிட்டு விற்கக் கூடாது. 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டம் மிக வெம்மையாக, மிக அடர்த்தியாக இருந்தது, அன்றுமுதல் விரிந்து குளிர்ந்து வருகிறது என்பதே பெருவெடிப்புக் கோட்பாடு உறுதியாகச் சொல்வது. அதற்கு முன் என்ன என்ற இடத்தில் அது நின்றுவிடுகிறது.

இதில் இழப்பு யாருக்கு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ பக்தியுள்ள வீட்டில் வளரும் ஒரு மாணவி, பெருவெடிப்பே இறைவனுக்குச் சான்று என்று கேட்டு வளர்கிறாள். கல்லூரியில் இயற்பியல் படிக்கும்போது அக்கோட்பாடு அப்படி எதையும் சொல்லவில்லை என்று அறிகிறாள். அன்று அவள் ஒன்று பாட்டியின் பக்தியை இழப்பாள், அல்லது பாடநூல்மேல் உள்ள நம்பிக்கையை இழப்பாள். இரண்டுமே அவள் இழக்க வேண்டியவை அல்ல. திரிசூலத்துக் கோயிலில் பேரனின் காய்ச்சல் தணிய விளக்கேற்றும் கிழவியின் பக்தி, நுண்ணலைக் கதிர்வீச்சின்மேல் கட்டியதன்று. அதைக் கொண்டுபோய் ஆய்வுக்கூடத்தின் வாசலில் நிறுத்தியவர்கள் நாத்திகர்கள் அல்லர்; அதற்கு அரண் கட்டுவதாக எண்ணிக்கொண்டிருக்கும் பக்தர்கள்.

இதற்கிடையே குன்றுகள் குறைந்துவிட்டன. பரங்கிமலைச் சார்னோக்கைட்டைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்று புவியியல் ஆய்வுத்துறை அறிவித்தது. திரிசூலம், பல்லாவரம் குன்றுகளோ பல பத்தாண்டுகள் வெட்டப்பட்டு நம் வீடுகளுக்கு ஜல்லியாயின. எஞ்சிய குழிகளில் மழைநீர் நிற்கிறது. இருபுறமும் நின்று படைப்பைப் பற்றி வழக்காடும் நம்மில் எத்தனைபேர், 250 கோடி ஆண்டுப் பாறையின் அருகே ஒரு பிள்ளையை அழைத்துப்போய் நிறுத்தியிருக்கிறோம்? அடுத்தமுறை மேடையில் ஒருவர் 'அறிவியலே ஒப்புக்கொண்டது' என்று தொடங்கினால், வாசகர் எழுந்து ஒன்று மட்டும் கேட்க வேண்டுகிறோம்: அந்தக் கோட்பாடு நாளை திருத்தப்பட்டால் உங்கள் கடவுளையும் திருத்திக்கொள்வீர்களா? 'இல்லை' என்று அவர் விடை சொன்னால், இன்று அதைச் சாட்சிக்கு அழைத்தது ஏன் என்பதையும் அவரே சொல்லட்டும்.