சமாதி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்

சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில், பழைய சட்டக் கல்லூரிக் கட்டடத்தின் அருகே, கூம்பாக உயர்ந்த ஒரு சமாதி நிற்கிறது. 1680-இல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸும், 1688-இல் நான்கு வயது நிறையும் முன்பே இறந்த டேவிட் யேல் என்ற குழந்தையும் அதில் அடங்கியிருக்கிறார்கள். சமாதியை அங்கிருந்து பெயர்த்துவிட்டால் பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் கட்ட வழி பிறக்கும் என்பது சில ஆண்டுகளாக எழுந்துவரும் கோரிக்கை. 2023 ஜூனில் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், சமாதியை வேறு இடத்துக்கு மாற்றும்படி உத்தரவும் பிறப்பித்தார். வழக்கின் சட்ட நுணுக்கங்களை நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் பார்த்துக்கொள்வார்கள். ஊரின் சார்பில் நாம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சமாதியை அசைக்கக் கூடாது.

ஏன் என்பதற்கு அந்த மண்ணின் கதையைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும்.

சட்டக் கல்லூரிக் கட்டடம் எழுந்த இடம், சென்னைப்பட்டினத்தில் குடியேறிய ஆங்கிலேயர்களின் முதல் இடுகாடு. கொய்யாத் தோட்டம் என்று அதற்குப் பெயர். கோட்டையின் வடக்கே, அன்றைய கறுப்பர் நகரத்தை ஒட்டி, சுமார் நூறு ஆண்டுகள் அங்கே புதைத்தார்கள். வசதி படைத்தவர்கள் தங்கள் மனிதர்களுக்குக் கோபுரம்போல உயரமான சமாதிகளை எழுப்பினார்கள். 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அந்தச் சமாதிகளே எதிரிக்கு மறைவிடமாயின. இரண்டு மாதத்துக்கும் மேல் நீடித்த முற்றுகை 1759 பிப்ரவரியில் விலகியதும், ஆங்கிலேயர்கள் தங்கள் முன்னோரின் இடுகாட்டைத் தாங்களே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஹின்மர்ஸ் சமாதியும் பௌனி குடும்பத்தின் நிலவறையும் மட்டுமே தப்பின. புதிய கல்லறைத் தோட்டம் தீவுத்திடல் பக்கம் போனது. பழைய நிலம் கோட்டைக்கு முன்னால் வெற்று வெளியாகக் கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சட்டக் கல்லூரியானது. அந்தக் கல்லூரியும் 2018-இல் நகரத்துக்கு வெளியே மாற்றப்பட்டது.

இடித்த சமாதிகளின் கல்வெட்டுப் பலகைகள் எங்கே போயின? இன்று கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்துக்குப் போகிறவர்கள் அவற்றின் மேல்தான் நடக்கிறார்கள். ஆலயத்தைச் சுற்றிலும் தளம் பாவியதுபோல நூற்றுக்கும் மேற்பட்ட கற்கள். இலத்தீனில், போர்த்துகீசியத்தில், அர்மீனிய எழுத்தில், ஆங்கிலத்தில் பெயர்கள். சில எழுத்துகள் ஆழமாக வெட்டப்பட்டவை. மழை பெய்து ஓய்ந்தால் அந்தப் பள்ளங்களில் நீர் தேங்கி, பெயர் மட்டும் தனியாக மின்னும். சிலவற்றில் விரலால் தடவினால்தான் எழுத்து இருப்பதே தெரியும். 1782-இல் ஐதர் அலியுடன் போர் நடந்தபோது, பீரங்கிகளை நிறுத்துவதற்காக இதே கற்களைப் பெயர்த்துக் கொத்தளத்தின் மேல் கொண்டுபோய்ப் போட்டார்கள். போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் அவை ஆலய முற்றத்துக்குத் திரும்பின. 1652-இல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல் அவற்றில் ஒன்று. இந்தியாவில் உள்ள மிகப் பழைய ஆங்கிலக் கல்வெட்டு என்று அதைச் சொல்வார்கள். கல் இருக்கிறது. அந்தப் பெண்மணியைப் புதைத்த இடம் எது என்று காட்ட இன்று ஒருவராலும் முடியாது.

இடம் மாற்றப்பட்ட சமாதிக்கு நேர்வது இதுதான். ஹின்மர்ஸ் சமாதியைப் பெயர்த்து அருங்காட்சியகத் தோட்டத்தில் நிறுத்தினால், அது இன்னொரு பெயர்ப்பலகைக் கல்லாகிவிடும். கொய்யாத் தோட்டம் இருந்தது இங்கேதான் என்று மண்ணின் மேல் நின்று சொல்ல அதற்குப் பிறகு அநேகமாக எதுவும் இருக்காது.

"வெள்ளைக்காரனின் கல்லறைக்கு நாம் ஏன் காவல் இருக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, தட்டிக்கழிக்கக் கூடாதது. டேவிட்டின் தந்தை எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை கோட்டையின் கவர்னர். ஹின்மர்ஸின் விதவை கேத்தரினை 1680 நவம்பரில் மணந்தவர். அப்போதுதான் திறந்த புனித மேரி ஆலயத்தில் நடந்த முதல் திருமணம் அது. இங்கே சேர்த்த செல்வத்திலிருந்து அவர் 1718-இல் அனுப்பிய சரக்குகளுக்கும் நூல்களுக்கும் நன்றியாகத்தான் அமெரிக்காவில் ஒரு கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. அதே யேலின் நிர்வாகத்தில்தான் இந்தக் கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் முறையாக மன்னிப்புக் கேட்டது.

அந்தப் பல்கலைக்கழகமே தன் பெயரின் கறையைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கும்போது, கறை தொடங்கிய ஊரில் அதற்கு இருக்கும் தடயத்தை நாம் பெயர்த்து எறிவதா? நம் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களுக்கு இந்த நகரத்தில் கல்லறையும் இல்லை, பெயர் பொறித்த கல்லும் இல்லை. அவர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நின்று பேசக்கூடிய இடம் ஒன்று வேண்டாமா? சமாதியைக் காப்பது யேலுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எதிராளி எழுதிக்கொடுத்த சாட்சியத்தை எந்த வழக்கறிஞராவது கிழித்துப் போடுவாரா?

இன்னொன்றும் இருக்கிறது. இதுதான் நம்மை அதிகம் தொடுவது. உயர்நீதிமன்றம் நிற்கும் நிலமே பழைய கறுப்பர் நகரத்தின் நிலம். நெசவாளரும் வணிகரும் துபாஷிகளும் வாழ்ந்த தெருக்கள் அங்கே இருந்தன. சென்னகேசவப் பெருமாள் கோயில் அங்கே இருந்தது. 1746-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பகுதியை இடித்தார்கள். பீரங்கிக்குத் தடையில்லாத வெளி வேண்டும் என்று ஆங்கிலேயர்கள் மீதியை இடித்தார்கள். கோயிலும் தப்பவில்லை. மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியால் 1760களில் பூக்கடைப் பக்கம் அது இரட்டைக் கோயிலாக மீண்டும் எழுந்தது. வீடுகள் போயின, தெருக்கள் போயின. புதிய எல்லையைக் குறிக்க 1773-இல் நட்ட ஆறு தூண்களில் ஒன்று மட்டும் பாரிமுனையில் ஒரு கட்டடத்தின் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. அந்தப் பழைய ஊர் உயிரோடு இருந்த காலத்தில் அதன் பக்கத்தில் எழுந்து, இடிப்பு அத்தனையையும் தாண்டி, நட்ட இடத்திலேயே இன்றும் நிற்பது இந்தச் சமாதி. சென்னையின் முதல் தமிழ்த் தெருக்கள் எங்கே இருந்தன என்று தேடுகிற ஆய்வாளருக்கும் அளவெடுக்க ஒரு நிலையான புள்ளி இதுதான்.

வாகன நிறுத்த நெருக்கடி பொய்யல்ல. பாரிமுனைப் பக்கம் ஒருமுறை காரில் போய்வந்தவர்களுக்கு அது தெரியும். வெளியூரிலிருந்து வழக்குக்காக வரும் ஏழை எளியவர்கள் படும் பாடும் தெரியும். ஆனால் அவர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள்? 2019 முதல் உயர்நீதிமன்றத்தின் பெயரிலேயே ஒரு மெட்ரோ நிலையம் அங்கே இருக்கிறது. கோட்டை, கடற்கரை ரயில் நிலையங்கள் நடந்து போகும் தூரம். வளாகத்துக்கு வெளியே நிறுத்துமிடம் கட்டி, அங்கிருந்து சிறு வண்டிகளை ஓட்டலாம். இதற்கெல்லாம் பணமும் மனமும் போதும். வாகன நிறுத்தத்துக்கு வேறு இடம் தேடலாம். கொய்யாத் தோட்டத்துக்கு வேறு இடம் கிடையாது.

இந்தச் சமாதியைப் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதியின்றிக் கட்டக் கூடாது என்கிறது 2010-இல் திருத்தப்பட்ட சட்டம். நெரிசலான நகரத்தின் நடுவில் இது கடுமையான விதிதான். கடுமை குறைய வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் பேசி, இடத்துக்கு இடம் துணைவிதி வகுத்துக் குறைக்கட்டும். விதி இடைஞ்சல் என்பதற்காகச் சின்னத்தையே அகற்றுவது என்ற வழியைத் திறந்துவிட்டால், நாளை எந்த ஊரில் எந்தக் கல்வெட்டு, எந்தக் கோயில் மண்டபம் மிஞ்சும்? தமிழ்நாட்டில் காக்கப்பட்ட சின்னங்களின் பக்கத்தில் கடை கட்டக் காத்திருப்பவர்கள் குறைவல்லர்.

பல அடுக்குக் கட்டடத்துக்கு அடித்தளம் ஆழமாகத் தோண்ட வேண்டியிருக்கும். 1759-இல் இடிக்கப்பட்டவை மண்ணுக்கு மேலே இருந்த சமாதிகள்தான். கீழே கிடந்தவர்களை யார் எடுத்துப்போனார்கள்? நூறு ஆண்டு இடுகாட்டின் மேல் தூண் இறக்கும் முன் ஒரு முறையான அகழாய்வாவது வேண்டும் என்பது குறைந்தபட்ச மரியாதை. நம் ஊரில் யாருடைய பிணமும் கேட்பாரற்றுப் போகக் கூடாது என்று நினைக்கும் மரபு நம்முடையது.

தொல்லியல் துறையும் தன் பங்கைச் செய்ய வேண்டும். நீதிமன்றப் பாதுகாப்புக் கெடுபிடிகளுக்கு நடுவே இருக்கும் சமாதியைப் பொதுமக்கள் நெருங்குவது எளிதல்ல. யாரும் பார்க்க முடியாத சின்னத்துக்கு ஆதரவு எங்கிருந்து வரும்? மாதத்தில் ஒரு விடுமுறை நாளிலாவது பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆர்வலர்களுக்கும் வளாகத்தின் அந்தப் பகுதியைத் திறந்துவிட உயர்நீதிமன்ற நிர்வாகம் இசைய வேண்டும். சமாதியின் முன்னால் தமிழில் பெரிய பலகை ஒன்று வேண்டும். அதில் ஹின்மர்ஸையும் யேலின் குழந்தையையும் பற்றி எழுதுங்கள். கூடவே கறுப்பர் நகரத்தின் தெருக்களையும், இடிக்கப்பட்ட கோயிலையும், இந்தக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்ட பெயர் தெரியாதவர்களையும் எழுதுங்கள்.