விண்ணிலிருந்து தெரியாத கிணறு

2024 கோடையில் பெங்களூருவின் பொது ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழப் பாதி வற்றிவிட்டதாகக் கர்நாடக அரசே தெரிவித்தது. இத்தகைய வேளையில், ஈர்ப்புச் செயற்கைக்கோளின் தரவைத் தரவிறக்கி ஒரு நகரின் நிலத்தடி நீரை மதிப்பிட்டுவிடலாம் என்ற எண்ணம் ஆய்வு மாணவருக்கு எழுவது இயல்பு. எனினும் அது பிழையான எண்ணம்.

கருவியின் பெருமை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. 2002 மார்ச்சில் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றின. நிறை மிகுந்த நிலப்பரப்பை நெருங்குகையில் முன்னது சற்று முந்தி இழுக்கப்பட, இடைவெளி கூடும். மைக்ரான் அளவிலான அம்மாற்றங்களிலிருந்து மாதந்தோறும் புவியின் ஈர்ப்புப் புலம் வரையப்பட்டது. இராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதிகள் 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்தன என 2009இல் நேச்சர் இதழ்க் கட்டுரை நிறுவியது இவ்வழியில்தான்.

அங்கு அம்முறை வென்றதற்குக் காரணம் பரப்பின் விரிவு. சுற்றுப்பாதையின் உயரத்திலிருந்து சுமார் 300 கிலோமீட்டருக்குக் குறைந்த வேறுபாடுகள் மங்கிவிடும். தரவோ 0.25 பாகைக் கட்டங்களாகவும் வெளியிடப்படுகிறது. கட்டத்தின் அளவைப் பகுதிறன் என மயங்குவதில்தான் தவறு தொடங்குகிறது. பெங்களூருவின் வடகிழக்கிலுள்ள லிங்கராஜபுரத்திற்கென ஒரு கோடு வரைந்தால், அதில் கிருஷ்ணராஜ சாகரின் நீரும் மேட்டூரின் நீரும் கலந்தே இருக்கும். லிங்கராஜபுரத்தின் அடியிலிருப்பதோ கடினப்பாறை. நீர் அதன் வெடிப்புகளில் மட்டுமே தங்கும். ஒரு தெருவில் ஊறும் நீர் அடுத்த தெருவில் இல்லாமற்போகலாம்.

இயந்திரக் கற்றலால் தரவை நுண்மையாக்கலாம் என்பர். அம்முறைக்கும் பயிற்சியளிக்க, அதன் விடையைச் சரிபார்க்க, கிணற்று நீர்மட்டப் பதிவுகள் வேண்டும். அவை இல்லாத இடத்தில் கிடைப்பது வழவழப்பான ஊகம். அவ்வூகத்தை நம்பி எங்கே கிணறு தோண்டுவது, எங்கே தடுப்பது என்று முடிவெடுத்தால், விலை கொடுப்பவர் லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பவரே.

எனவே நகர்ப்புற நீராய்வு எதுவாயினும், செயற்கைக்கோள் தரவுடன் குறைந்தது ஓராண்டுக் கிணற்று அளவீட்டையும் நெறியாளர்கள் கேட்டுப் பெறவேண்டும். அளவு நாடாவைக் கிணற்றுக்குள் இறக்கும் அவ்வேலைக்கு ஆய்வேட்டில் உரிய மதிப்பும் வழங்கவேண்டும்.