தீன்தட்டும் நீர்நிலையும்

வீட்டு முற்றத்தில் ஒரு தீன்தட்டைத் தொங்கவிட்டாற் பறவையினம் பிழைத்துவிடும் என்னும் நம்பிக்கை மேலைநாட்டு மத்தியதர வர்க்கத்தாரிடையே ஆழ வேரூன்றியதொன்று. உற்று நோக்கின், இந்நம்பிக்கையின் மையத்தில் நிற்பது பறவையன்று. பலகணியின் உட்புறத்தே தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்திருக்கும் மனிதனே.

பிரித்தானியாவின் அனுபவம் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 'கிறீன்பின்ச்' என்னும் பசிய நிறச் சிறுகுருவி அந்நாட்டுத் தோட்டங்களில் மலிந்திருந்தது. 2005இல் அக்குருவிகளிடையே ஓர் ஒட்டுண்ணி நோய் இனங்காணப்பட்டது. நோயுற்ற குருவியின் தொண்டை வீங்குகின்றது. விழுங்க இயலாது அது கக்கும் விதையை அதே தட்டில் அடுத்த குருவி கொத்துகின்றது. 2006இல் ஏறத்தாழ 43 இலட்சமாயிருந்த அவற்றின் தொகை 2009 அளவில் 28 இலட்சமாகச் சுருங்கியது. 2021இல் அவ்வினம் பெரிதும் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலிற் சேர்ந்தது. தீன்தட்டுகளைத் தானே விற்றுவந்த பறவைப் பாதுகாப்புச் சங்கமொன்று 2025இல் தட்டையான தீன்மேசைகளின் விற்பனையை இடைநிறுத்தியது. கொடையெனக் கருதப்பட்டது கொல்லியாயிற்று.

கடுங்குளிரிற் சில குருவிகள் இத்தீனால் உயிர்பிழைக்கின்றன என்பது உண்மையே. தட்டைக் கழுவி வைத்தாற் போதாதா என வினவுவோரும் உளர். கழுவுதல் நோயைக் குறைக்கலாம். பறவைகளை ஓரிடத்தில் நெருக்கும் அமைப்பை அது மாற்றாது. காகத்துக்குச் சோறு வைக்கும் நம்மவர் வழக்கத்தைத் துணைக்கழைப்பதும் பொருந்தாது. அச்சோறு, தாம் உண்ணுமுன் வைப்பது. காகத்தின் அழகை இரசிப்பதற்கு எவரும் அதனை வைப்பதில்லை!

இலண்டனின் பார்ண்ஸ் பகுதியில், பயனற்றுப்போன நான்கு நீர்த்தேக்கங்களைத் திருத்தியமைத்து 2000இல் ஈரநில நிலையமொன்று திறக்கப்பட்டது. அதன் செலவுக்காக நிலத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்கு விற்கப்பட்டதை மறைப்பதற்கில்லை. எனினும் எஞ்சிய நிலத்தில் நீர்மட்டத்தை ஏற்றியும் இறக்கியும், சேற்றையும் நாணலையும் பேணியும் பறவைக்கு வேண்டிய உலகம் ஆக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், குளிர்கால வாத்தினங்களின் பொருட்டு, அது சட்டப் பாதுகாப்புப் பெற்றது. அங்கு மறைந்திருக்க வேண்டியவன் மனிதன். மரக்குடிலின் சிறுதுவாரம் வழியே அவன் பார்க்கின்றான். தீன்தட்டுக்கு வழிகாட்டி வேண்டியதில்லை, பறவை தானே வந்து நிற்கும். ஈரநிலத்திலோ மனிதன் சென்று கற்க வேண்டியவனாகின்றான்.

ஆனால், கற்பிக்கப்படுவது யாது? பெயர்களின் பட்டியலே பெரும்பாலும். புத்தளம் மாவட்டத்து ஆனைவிழுந்தான் 2001இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ஆங்குள்ள குளங்கள் இயற்கை தந்தவையல்ல. நெல்லுக்கு நீர் தேக்க மனிதர் வெட்டிக் கட்டியவை. ஒன்றன் மிகைநீர் மற்றொன்றிற் சேரும் அத்தொடரிலேதான் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் இரை தேடுகின்றன. அக்கரையில் நின்று நாற்பது பறவைகளின் ஆங்கிலப் பெயர்களை ஒப்புவிக்கும் வழிகாட்டி, குளக்கட்டைப் பற்றியும் மதகைப் பற்றியும் தூர் வாருவோரைப் பற்றியும் ஒரு சொல்லும் உரையாதுவிடின், அவன் காட்டுவது சற்றுப் பெரியதொரு தீன்தட்டையே.