தண்டிக்க மட்டும் முதலாளியா?

அமெரிக்க மல்யுத்தக் கம்பெனி டபிள்யூ.டபிள்யூ.இ.யின் யோக்கியதையைப் பாருங்கள்! வலிமாத்திரைக்கு அடிமையான மல்லர் எடி குரேரோவை 2001-ல் சிகிச்சைக்கு அனுப்பியது. குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டதும் அதே வருஷம் வீட்டுக்கு அனுப்பியது. 2002-ல் மறுபடி அழைத்துக்கொண்டது. போதையை விட்டொழித்திருந்த அந்த மனிதர் 2005 நவம்பரில், 38 வயதில், இதய நோயால் ஓட்டல் அறையில் மாண்டார்.

அதன் பிறகே, 2006-ல், சோதனை முறை வந்தது: முதல் குற்றத்துக்கு 30 நாள் சம்பளமில்லாத சஸ்பெண்டு, இரண்டாவதற்கு 60, மூன்றாவதற்குச் சீட்டுக் கிழிப்பு. பேஷ்! தண்டனைக்கு அவர்கள் கம்பெனி ஆட்கள்; மருத்துவ இன்ஷூரன்ஸ், சங்க உரிமை என்றாலோ 'சுயேச்சைக் காண்டிராக்டர்கள்'!

முன்னாள் மல்லர்களின் போதைச் சிகிச்சைக்குக் கம்பெனி பணம் தருகிறது. தரட்டும், வரவேற்கிறோம். ஆனால் உடம்பு உடைந்த பின் வரும் தர்மத்தையா நாம் கேட்கிறோம்? உடையுமுன் ஓய்வும் இன்ஷூரன்சும் கேட்கிறோம். 2021-ல் 100 கோடி டாலருக்கு மேல் வருமானம் கண்ட கல்லாப்பெட்டி இதைத் தாங்காதா?