கறி வெந்ததா: கண்ணை நம்பலாமா?

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, அன்று வீட்டில் கறிச் சமையல் என்பது நம் திருப்பூர்த் தொழிலாளர் குடும்பங்களின் வழக்கம். அந்தச் சமையலில் ஏற்படும் சிறு பிழைகளின் விளைவைத் திங்களும் செவ்வாயும் புறநோயாளிகள் பிரிவில் நாங்கள் காண்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாயன்று, பனியன் நிறுவனத்தில் தையல் வேலை செய்யும் தாய் ஒருவர் தம் ஆறு வயது மகனைத் தூக்கி வந்தார். கடும் காய்ச்சல், இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, நீரிழப்பால் உள்வாங்கிய கண்கள். ஞாயிறு மதியம் கோழியின் முழுக் காலை ஃப்ரீசரிலிருந்து எடுத்துப் பொரித்துக் கொடுத்ததாகக் கூறினார். "வெளியே நல்லா செவந்து வந்துச்சுங்க டாக்டர். வெந்துடுச்சுன்னுதானுங்க நெனச்சேன்" என்று அழுதார். மலப் பரிசோதனையில் சால்மோனெல்லா கிருமி வளர்ந்தது. பொரித்த துண்டு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஆகவே அதுவே காரணம் என்று உறுதியாக நிறுவ இயலாது. ஆயினும் என் ஐயம் அதன்மீதே. சிறுவன் மூன்று நாள் சிகிச்சைக்குப் பின் நலமாக வீடு திரும்பினான்.

அந்தத் தாய் கவனக்குறைவானவர் அல்லர். கண்ணை நம்பினார், அவ்வளவே. ஆனால் அவர் வேலை செய்யும் தொழிலில் எவரும் கண்ணை மட்டும் நம்புவதில்லை. துணியின் கனத்தைக் கையால் தடவிப் பார்த்து ஏற்றுமதிக்கு அனுப்புவதில்லை. வட்டமாக வெட்டி எடைபோட்டு ஜி.எஸ்.எம். பார்க்கிறோம். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது 60 டிகிரி என்றால், அதைக் கருவி காட்ட வேண்டும். துணிக்குத் தரும் இந்த அக்கறையை நம் குழந்தைகள் உண்ணும் உணவுக்கும் தர வேண்டும். அதற்கு உணவு வெப்பமானி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

"எங்கள் பாட்டி வெப்பமானி வைத்தா சமைத்தார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாட்டி கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, குழம்பில் நெடுநேரம் கொதிக்கவிட்டு, சூடாகவே பரிமாறினார். கொதிக்கும் குழம்பில் நன்கு வெந்த சிறு துண்டுகளுக்கு இன்றும் வெப்பமானி தேவையில்லை. மாறியிருப்பது உணவின் வகை. முழுக் காலைப் பொரிப்பது, கிரில், தந்தூரி, ஏர் ஃபிரையர், கறி உருண்டை, கட்லெட் ஆகியவற்றில் வெளிப்புறம் விரைவில் சிவந்துவிடும், உட்புறம் பின்தங்கும். உறைந்த கறியானால் இந்த இடைவெளி மேலும் பெரிது.

நிறத்தை நம்புவதும் பிழை. இளம் கறிக்கோழியில் முழுதும் வெந்த பின்னரும் எலும்பருகே சிவப்பு தெரியலாம். வெண்மையாகத் தெரியும் கறி போதிய வெப்பத்தை எட்டாமலும் இருக்கலாம். "பல்லடம் கோழி, கண்ணெதிரே அறுத்தது" என்பதும் பாதுகாப்பு ஆகாது. நோயின்றித் தோன்றும் கோழியின் குடலிலும் சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். இவை பெரும்பாலும் சில நாள் வயிற்றுப்போக்குடன் அகலும். ஆனால் குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்கு அவை உயிருக்கே ஆபத்தாகலாம். கேம்பைலோபேக்டர் தொற்றுக்குப் பின் சிலருக்குக் கை கால்களைச் செயலிழக்கச் செய்யும் கீயன் பாரே நோயும் வருவதுண்டு.

இது தொலைவிலுள்ள செய்தி அன்று. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா உண்ட 16 வயது மாணவி உயிரிழந்தார். 2023 செப்டம்பரில் நமக்கு அருகிலுள்ள நாமக்கல்லில் ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது. கடைகளை அரசு கண்காணிக்கலாம். நம் அடுப்பை நாம்தான் கண்காணிக்க வேண்டும்.

முனையில் ஊசி போன்ற கம்பியுள்ள டிஜிட்டல் உணவு வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. துண்டின் மிகத் தடித்த பகுதியில், எலும்பைத் தொடாமல், நடுப்பகுதி வரை செலுத்த வேண்டும். கோழிக்கறி 74 டிகிரி செல்சியஸ், கொத்துக்கறி 71 டிகிரி எட்ட வேண்டும். மீந்ததைச் சூடாக்கும்போதும் 74 டிகிரி வேண்டும். எட்டாவிடில் மீண்டும் அடுப்பில் வைத்து, கம்பியைச் சோப்பிட்டுக் கழுவிய பின் மறுபடி அளக்க வேண்டும். பனிக்கட்டி நிறைந்த நீரில் கருவி 0 டிகிரி காட்டினால் அது சரியாக உள்ளது எனக் கொள்ளலாம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்குப் பயன்படாது. கொரோனா காலத்தில் நிறுவன வாயில்களில் நெற்றிக்கு நேரே பிடித்த கருவியும் மேற்பரப்பை மட்டுமே அளக்கும்.

வெப்பமானிக்கும் ஓர் எல்லை உண்டு. மதியம் சமைத்த கறியை மூடி வைத்து, இரவு ஷிப்ட் முடிந்து வந்து உண்பது இங்கு வழக்கம். 5 முதல் 60 டிகிரி வரையான சூட்டில் கிருமிகள் பெருகும். அவற்றுள் சில உண்டாக்கும் நச்சு, மீண்டும் கொதிக்க வைத்தாலும் அழியாது. எனவே சமைத்த இரண்டு மணி நேரத்திற்குள் உண்ணுங்கள் அல்லது குளிர்பெட்டியில் வையுங்கள். குளிர்பெட்டி இல்லாத அறைகளில் தங்கியிருப்போர் ஒரு வேளைக்குரிய அளவே சமைப்பது நல்லது.

அந்தத் தாயிடம் நான் குற்றம் காணவில்லை. காய்ச்சலைக் கையால் தொட்டுப் பார்த்த பின்னும் வெப்பமானி வைத்து உறுதி செய்கிறோம். கறிக்கும் அவ்வாறே செய்வோம் என்பதே என் வேண்டுகோள்.